குடும்பங்கள் பனிமலை ஏறிய வரலாறு

ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குப் பலகைகளை மனிதர் காலில் கட்டத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதில் ஏறி நின்றே அறியாத ஒரு நகரத்துக் குடும்பம் ஒரு வாரம் மலைக்குப் போய், வாடகைப் பலகையில் பழகிவிட்டுத் திரும்பும் வழக்கம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். இன்று ஐரோப்பாவில் அப்படி ஒரு பயணத்துக்குத் திட்டமிடுவோர் முதலில் பள்ளி விடுமுறை வாரத்தைப் பார்க்கிறார்கள். பிறகு தொடக்க வகுப்புக்குப் பேர்போன ஊரைத் தேடுகிறார்கள். லிஃப்ட் சீட்டு, வாடகை பூட்ஸ், தங்குமிடம் எல்லாம் அதன்பின். இவை ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. வியப்பு என்னவென்றால், இவற்றில் பல குடும்பத்தையோ புதியவரையோ மனத்தில் வைத்து உண்டானவை அல்ல. மூச்சு வாங்கும் விருந்தினருக்காக ஓடிய எந்திரமும், போர்வீரருக்காக வகுத்த பாடமும், எரிபொருள் இல்லாமல் மூடிய பள்ளியும் சேர்ந்துதான் இந்த விடுமுறையை உண்டாக்கின.

சுவீடனின் கால்வ்த்ரெஸ்க் என்ற இடத்தில் சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட ஸ்கீ பலகைகள் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. வடக்கு நாடுகளில் குளிர்காலம் முழுவதும் பனி இடுப்பளவு கிடக்கும். வேட்டைக்கோ, பக்கத்துப் பண்ணைக்கோ, தேவாலயத்துக்கோ போக ஸ்கீயை விட்டால் வேறு வழியில்லை. அங்கே ‘கற்றுக்கொடுத்தல்’ என்று ஒன்று தனியாக இருக்கவில்லை. நடக்கத் தெரிந்த பிள்ளை பெரியவர் பின்னால் போனது, விழுந்தது, எழுந்தது, பழகியது. வளர்ந்த ஒருவருக்கு முதல் நாளிலிருந்து சொல்லித்தர வேண்டிய தேவையே அந்தச் சமூகத்தில் எழவில்லை.

விளையாட்டாக ஸ்கீ உருமாறியது நார்வேயின் டெலிமார்க் பகுதியில். மோர்கெடால் என்ற ஊரின் ஏழைக் குத்தகை விவசாயி சோண்ட்ரே நோர்ஹெய்ம், முன்காலை மட்டும் பிடித்திருந்த வாரோடு குதிகாலையும் சுற்றிவரும்படி மரவேரை முறுக்கிக் கட்டினார். அதுவரை தாண்டிக் குதித்தால் பலகை கழன்றுவிடும். இப்போது குதிக்கவும் வளைந்து திரும்பவும் முடிந்தது. 1868 இல் தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், நடந்த போட்டியில் நாற்பது வயதைக் கடந்திருந்த நோர்ஹெய்ம் இளைஞர்களை முந்தினார். இருபது ஆண்டு கழித்து, 1888 இல், ஃப்ரிட்யோஃப் நான்சென் ஸ்கீ மீது கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஜெர்மன் மொழிக்கு வந்ததும் ஆல்ப்ஸ் நாடுகளில் ஒரு தலைமுறையே நார்வேயிலிருந்து பலகைகளை வரவழைக்கத் தொடங்கியது. பலகை வந்து சேர்ந்தது, ஆனால் அதில் நிற்கத் தெரிந்தவர் யாரும் கூட வரவில்லை. பனிச்சறுக்கில் ‘புதியவர்’ என்ற ஆள் உண்மையில் அங்கேதான் பிறக்கிறார்.

ஆல்ப்ஸ் மலையூர்களுக்குக் குளிர்கால விருந்தினர் வரும் வழக்கம் அப்போது ஏற்கனவே இருந்தது. சுவிட்சர்லாந்தின் சென் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோஹன்னெஸ் பாட்ருட், குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும் என்று கோடைக்கால ஆங்கில விருந்தினரிடம் பந்தயம் கட்டி 1864 இல் அவர்களை வரவழைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. டாவோஸ் காசநோயாளிகளின் ஊராக வளர்ந்தது. விருந்தினர் பனிக்கட்டி மேல் ஸ்கேட் காலணியில் சறுக்கினார்கள், சறுக்குவண்டியில் சரிவில் இறங்கினார்கள், வெயிலில் சாய்ந்து கிடந்தார்கள். ஸ்கீ அங்கே அநேகமாக யாருக்கும் தெரியாது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் தம் மனைவியின் காசநோய்ச் சிகிச்சைக்காகத்தான் டாவோஸுக்குப் போனார். 1894 மார்ச்சில் அவ்வூரின் பிராங்கர் சகோதரர்களோடு கணவாய் ஏறி, ஸ்கீ மேலேயே ஆரோசாவுக்கு இறங்கினார். அதே ஆண்டு இறுதியில் ஒரு லண்டன் இதழில் அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி, ஆங்கிலேயர் நூற்றுக்கணக்கில் இதற்காக சுவிட்சர்லாந்துக்கு வரும் நாள் வரும் என்று சொன்னார். தேர்ந்த வீரர் ஒருவர் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரை அவ்வளவு தூரம் போயிருக்காது. திரும்பத் திரும்ப விழுந்த ஒரு புதியவர் எழுதியது என்பதே அதன் வலிமை.

கற்பிக்க முதன்முதலில் ஒழுங்கான முறை வகுத்தவர் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. மொராவியாவில் 1856 இல் பிறந்தவர். ஆசிரியராகவும் ஓவியராகவும் இருந்துவிட்டு, வியன்னாவுக்குத் தென்மேற்கே லிலியன்ஃபெல்ட் அருகில் ஒரு தனிப் பண்ணைவீட்டில் குடியேறினார். நான்செனைப் படித்துவிட்டு நார்வேயிலிருந்து பலகை வரவழைத்தவர்களில் அவரும் ஒருவர். வந்த பலகை அவருடைய மலைக்கு ஒத்துவரவில்லை. நார்வேக்காரர் பழகிய திறந்த, மெல்லிய சரிவுகள் அங்கே இல்லை. லிலியன்ஃபெல்ட்டைச் சுற்றிக் காடு அடர்ந்த செங்குத்தான மலைகள். அதில் நேராகப் போனால் மரத்தில் மோத வேண்டியதுதான். ஸ்டார்ஸ்கி பலகையைக் குட்டையாக்கினார், கால் பக்கவாட்டில் ஆடாதபடி உலோகப் பிணைப்பு ஒன்றைத் தாமே செய்தார், ஒற்றைக் கோலை ஊன்றிக்கொண்டு திரும்பித் திரும்பி இறங்கும் வழியைப் பல ஆண்டுகள் தனியாகப் பழகிக் கண்டுபிடித்தார். 1896 இல் வெளிவந்த அவருடைய நூல், விழுவது எப்படி, எழுவது எப்படி, நிற்பது எப்படி என்று படிப்படியாகப் போகிறது.

அவருடைய பெருமை நூலோடு முடியவில்லை. வார இறுதியில் வியன்னாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்களுக்கு அவர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அலுவலக எழுத்தர், தொழிலாளி, பெண்கள், வயதானவர் என எல்லோரும் ஒரே வரிசையில் நின்று அவர் கட்டளைக்கு ஏற்பத் திரும்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் இப்படிக் கற்றார்கள். 1905 மார்ச் 19 அன்று முக்கன்கோகெல் சரிவில் கொடிக்கம்பங்களைச் சுற்றி இறங்கும் போட்டி ஒன்றை அவர் நடத்தினார். அதில் மிட்ஸி ஆங்கெரர் என்ற பெண்ணும் ஆண்களோடு கலந்துகொண்டு இறங்கினார். பனிச்சறுக்கு வீரருடைய துணிச்சலுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை லிலியன்ஃபெல்ட் உடைத்தது. நார்வேக்காரர்களும் அவர்களைப் பின்பற்றியவர்களும் ஸ்டார்ஸ்கியின் முறையை அழகற்றது என்று இகழ்ந்தார்கள். ஆனால் செங்குத்துச் சரிவில் புதியவர் ஒருவர் எலும்பு முறியாமல் கீழே வந்து சேர வேண்டும் என்ற அவருடைய அக்கறைதான் பின்னால் வந்த பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்த அக்கறையைத் தொழிலாக மாற்றியவர் ஹான்னெஸ் ஷ்னைடர். ஆர்ல்பெர்க் கணவாயின் மேற்கே ஸ்டூபன் என்ற சிற்றூரில் 1890 இல் பிறந்தவர். பதினேழு வயதில், 1907 இல், சாங்க்ட் ஆன்டனில் போஸ்ட் விடுதி விருந்தினருக்கு ஸ்கீ சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையின் மலைவீரர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஸ்கீயே தெரியாதவர்களைப் பெருந்தொகையாகக் குறுகிய காலத்தில் தயாராக்க வேண்டியிருந்த அந்தப் பட்டறிவோடுதான் போர் முடிந்ததும் சாங்க்ட் ஆன்டனில் தம் பள்ளியை நிறுவினார்.

அவர் பாடம் இப்படிப் போகும்: முதலில் இரு பலகைகளின் முனையையும் உள்நோக்கிச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, கலப்பை வடிவில் வேகத்தை அடக்குவது. அதே வடிவில் இடமும் வலமும் திரும்புவது அடுத்த படி. பிறகு ஒரு பலகையை மட்டும் விரித்துத் திரும்பி, திருப்பத்தின் முடிவில் இரண்டையும் இணைப்பது. ஒரு படியில் நிலைபெறாதவர் அடுத்த வகுப்புக்கு ஏற முடியாது. வந்திறங்கிய விருந்தினரைச் சிறு சரிவில் ஓடவிட்டுப் பார்த்து, திறமைக்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். பிரபுவாக இருந்தாலும் கலப்பை வடிவம் வராவிட்டால் கீழ்வகுப்புதான். ஆசிரியர்கள் பெரும்பாலும் அவ்வூர்ப் பண்ணை வீட்டு இளைஞர்கள். எல்லோரும் ஒரே முறையில், ஒரே சொற்களில் கற்பித்ததால் இந்த வாரம் ஒருவரிடம் கற்றவர் அடுத்த ஆண்டு இன்னொருவரிடம் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. இன்று உலகெங்கும் பனிச்சறுக்குப் பள்ளிகள் திங்கட்கிழமை காலை பிள்ளைகளைத் தரம் பிரிப்பது இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

ஷ்னைடரின் புகழைத் திரைப்படம் பரப்பியது. ஜெர்மன் இயக்குநர் ஆர்னால்ட் ஃபாங்க் 1920 முதல் எடுத்த மலைப்படங்களில் அவர் நடித்தார். 1930 இல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்டுப் போய்க் கற்பித்தார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும், நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்துவந்த ஷ்னைடர் சிறைப்பட்டார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நார்த் கான்வேயைச் சொந்த ஊராகக் கொண்ட வங்கித் தலைவர் ஹார்வி கிப்சன் ஜெர்மன் அதிகாரிகளோடு பேசி அவரை விடுவித்து அழைத்துக்கொண்டார். 1939 பிப்ரவரியில் மனைவி மக்களோடு நார்த் கான்வே வந்து சேர்ந்த அவர், 1955 இல் இறக்கும்வரை அங்கேயே கற்பித்தார். அவருடைய மாணவர்கள் பலர் அவருக்கு முன்னும் பின்னும் அமெரிக்கா சேர்ந்து பள்ளிகள் தொடங்கினார்கள். அமெரிக்கப் புதியவர்கள் ஆஸ்திரிய உச்சரிப்பில் ‘முழங்காலை மடக்கு’ என்ற கட்டளையைக் கேட்டே வளர்ந்தார்கள்.

பள்ளி ஒருபக்கம் வளர, மறுபக்கம் பயண ஏற்பாட்டாளர்கள் வந்தார்கள். இதில் முன்னோடியான ஹென்றி லன் மெதடிஸ்ட் மருத்துவ மிஷனரியாக இந்தியா வந்து, உடல்நலம் கெட்டு விரைவில் இங்கிலாந்து திரும்பியவர். அவருடைய மகன் ஆர்னால்ட் லன் பிறந்தது 1888 இல், சென்னையில். தந்தை தேவாலயப் பணியிலிருந்து பயண ஏற்பாட்டுக்கு மாறி, ஆங்கில மேட்டுக்குடியினருக்காக சுவிஸ் விடுதிகளைக் குளிர்காலத்தில் மொத்தமாக எடுத்தார். கோடையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மியூரன் மலைரயிலை 1910-11 குளிர்காலத்தில் ஓடவைத்தார். மகன் அதே மியூரனில் 1922 இல், சறுக்கும் அழகுக்கு மதிப்பெண் போடாமல் கடிகாரத்தை மட்டும் பார்க்கும், கொடிகளைச் சுற்றி இறங்கும் ஸ்லாலம் போட்டியை நடத்தினார். 1928 இல் ஷ்னைடரும் அவரும் சேர்ந்து தொடங்கிய ஆர்ல்பெர்க்–கந்தஹார் போட்டி நெடுங்காலம் நிலைத்தது. லன் விடுதிகளுக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவை பணிப்பெண்ணையும் மாலை உடையையும் கூட அழைத்துவந்த குடும்பங்கள். காஷ்மீரின் குல்மார்க்கில் 1927 இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் அமைத்த ஸ்கீ கிளப்பும் அந்த வட்டத்தின் நீட்சியே.

விலை இறங்கத் தொடங்கியது 1930களில். வியன்னாவைச் சேர்ந்த எர்னா லோ லண்டனில் படித்துக்கொண்டிருந்த மாணவி. ஊருக்குப் போய் வரப் பணம் இல்லை. 1932 இல் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து ஒரு சிறு குழுவைச் சேர்த்து, ஆளுக்கு 15 பவுண்டில் இரண்டு வாரம் ஆஸ்திரியாவுக்கு அழைத்துப் போனார். அதில் பயணம், தங்குமிடம், பாடம் எல்லாம் அடக்கம். அந்தக் குழுவிலிருந்து ஒரு நிறுவனம் வளர்ந்தது. எல்லாச் செலவையும் ஒரே தொகையில் கட்டிவிடும் இன்றைய குடும்ப ஏற்பாட்டின் முன்மாதிரிகளில் அது ஒன்று. அமெரிக்காவில் 1931 ஜனவரியில் பாஸ்டனிலிருந்து நியூ ஹாம்ப்ஷயருக்கு முதல் ‘பனி ரயில்’ புறப்பட்டது. காலையில் ஏறி, பகல் முழுதும் சறுக்கி, இரவு வீடு திரும்பலாம் என்றானதும் கார் இல்லாதவரும் மலையைப் பார்த்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெரிய தடை இருந்தது. இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும். பலகையடியில் சீல் தோல் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஏறினால், இறங்குவது சில நிமிடம். நாள் முழுதும் உழைத்தாலும் ஓரிரு இறக்கம்தான் கிடைக்கும். தேர்ந்தவருக்கு ஏற்றமும் இன்பம். புதியவருக்கோ திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால்தான் கால் பழகும். குழந்தையால் அந்த ஏற்றத்தை ஏறவே முடியாது. பனிச்சறுக்கு வரலாற்றில் லிஃப்ட்டைச் சோம்பேறித்தனத்தின் வரவாகப் பழித்தவர்கள் உண்டு. புதியவர் பக்கமிருந்து பார்த்தால் அது ஆசிரியருக்கு அடுத்த கொடை.

முதல் லிஃப்ட் கருங்காட்டில், ஷொல்லாக் என்ற ஜெர்மன் சிற்றூரில் 1908 பிப்ரவரியில் ஓடியது. அமைத்தவர் விடுதிக்காரர் ராபர்ட் வின்டர்ஹால்டர். அவர் விடுதிக்கு வந்து தங்கியவர்களில் பலர் மேடேற முடியாமல் மூச்சு வாங்கினார்கள். தம் நீராலையின் விசையைக் கொண்டு சுழலும் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மேலேற வழி செய்தார். அந்த யோசனை அவ்வூரைத் தாண்டிப் பரவவில்லை. 1930களில் கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மான்டிலும் பழைய கார் எஞ்சினில் கயிற்றைச் சுற்றவிட்டு ஆட்களை இழுத்தார்கள். கயிறு கையுறையைத் தேய்த்துத் தின்னும், குழந்தையின் கை தாங்காத கனம் வேறு. சூரிச் பொறியாளர் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் 1934 டிசம்பரில் டாவோஸின் போல்கன் சரிவில் அமைத்த லிஃப்ட்டில் இடுப்புக்குப் பின்னால் ஒரு கொக்கி தாங்கித் தள்ளியது. விரைவில் அது இருவர் சேர்ந்து சாயும் குறுக்குக்கட்டையாக மாறியது. சாய வேண்டியதில் உட்கார முயன்று கவிழ்வது இன்றுவரை எல்லாப் புதியவருக்கும் நேர்வது. தாயும் பிள்ளையும் அருகருகே ஏற முடிந்தது அதன் நன்மை.

நாற்காலி லிஃப்ட் 1936 இல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் வந்தது. அங்கே ஊரையே உண்டாக்கியது யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம். குளிர்காலத்தில் காலியாக ஓடும் ரயிலுக்குப் பயணிகள் வேண்டும் என்று அதன் தலைவர் அவெரெல் ஹாரிமன் நினைத்தார். கப்பலில் வாழைத்தார் ஏற்றும் தொங்குகொக்கி வரிசையை அமைத்துப் பழகிய பொறியாளர் ஜேம்ஸ் கரன், கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டலாம் என்று வரைந்து காட்டினார். உட்கார்ந்தபடி மலையேற முடியும் என்றானபின் பாட்டி தாத்தாவும் கூட வர முடிந்தது.

காலில் மாட்டுவதும் மாற வேண்டியிருந்தது. 1930களில் கால் முறிவு என்பது இந்த விளையாட்டில் எதிர்பார்த்த ஒன்று. விழும்போது பலகை கழலாது. பலகை திரும்பும் பக்கம் எலும்பும் திரும்பும். ஆரிகன் மாநிலத்தில் குடியேறிய நார்வேக்காரர் ஹ்யால்மர் ஹ்வாம் 1937 இல் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோது, முறுக்கு அதிகமானால் தானே விட்டுவிடும் பிணைப்பை எண்ணி வரைந்தார். 1939 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். போருக்குப் பின் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் அதை மேம்படுத்தினார்கள். இப்போது வாடகைக் கடையில் ஒருவரின் எடை, உயரம், வயது, பூட்ஸ் அளவு, பழக்கம் ஆகியவற்றைக் கேட்டுப் பிணைப்பின் இறுக்கத்தைத் திருகி வைக்கிறார்கள். குழந்தைக்கும் புதியவருக்கும் அது எளிதில் விடும்படி இருக்கும். குடும்பங்கள் துணிந்து மலையேற இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. ஆகவே வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பழைய பலகையைவிடக் கடையில் சரிபார்த்துக் கொடுக்கும் வாடகைப் பலகை புதியவருக்கு எப்போதும் மேல்.

விமானப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட் 1950 இல் அலுமினியமும் மரமும் அடுக்கிய பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கட்டை மரத்தைவிட இலேசாகத் திரும்பியதால் பழைய வீரர்கள் அதை ஏமாற்றுப் பலகை என்றார்கள். 1960களில் தோல் பூட்ஸ் போய், கணுக்காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது. ஆனாலும் பலகையின் நீளத்தில் மட்டும் ஒரு பிடிவாதம் நீடித்தது: கையைத் தலைக்குமேல் தூக்கினால் மணிக்கட்டு வரை எட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. வெர்மான்டின் கிளிஃப் டெய்லர் இதை எதிர்த்து, புதியவருக்கு முதலில் 1 மீட்டருக்கும் குட்டையான பலகையைக் கொடுத்து, பழகப் பழக நீளத்தைக் கூட்டினார். முதல் நாளிலேயே இரு பலகையையும் இணையாக வைத்துத் திரும்ப முடிந்தது. 1960களின் நடுவில் கில்லிங்டன் மலையின் பள்ளி இதை முழு முறையாக ஏற்றது. நீண்ட பலகைப் பிடிவாதத்தை முற்றாக முடித்தது ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம். முன்னும் பின்னும் அகன்று இடையில் ஒடுங்கிய அதன் 1993 பலகையைச் சற்றுச் சாய்த்தாலே தானாக வளைந்தது. சில ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் அந்த வடிவத்துக்கு மாறின. முன்பு பல குளிர்காலம் எடுத்த திருப்பம் ஒரே வாரத்துக்குள் கைகூடத் தொடங்கியது அதன்பிறகுதான்.

சரிவும் புதியவருக்காகத் திருத்தப்பட்டது. கொலராடோவின் வின்டர் பார்க்கில் 1950 அளவில் ஸ்டீவ் பிராட்லி ஓர் உருளையை இழுத்துப் பனியைச் சமன் செய்தார். பின்னர் சங்கிலிச்சக்கர எந்திரங்கள் இரவெல்லாம் ஓடி அந்த வேலையைச் செய்தன. மேடுபள்ளமில்லாத, அகன்ற, இலேசான சரிவு என்பது இயற்கை தந்ததன்று. பாதைகளுக்கு நிறம் குறிக்கும் வழக்கமும் போருக்குப் பின் நிலைபெற்றது. பிரான்சில் பச்சை தொடக்கநிலைக்கு, நீலம் அடுத்த நிலைக்கு. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நீலமே தொடக்கம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம். நாடு மாறும்போது அதே நிறம் வேறு பொருள் தருவதால் குடும்பங்கள் வரைபடத்தை முன்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் அமைந்தும், பிள்ளைக்குப் பள்ளி இருந்தால் குடும்பம் எங்கே போகும்? நாட்காட்டியில் அந்த வாரம் உண்டான விதம் இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. 1940 குளிர்காலத்தில் சுவீடனில் கணப்புக்குரிய கல்கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. பள்ளிக் கட்டடங்களைச் சூடாக்க இயலாமல் பிப்ரவரியில் ஒரு வாரம் மூடினார்கள். வேலையில்லாத பிள்ளைகளைத் தெருவில் விடாமல் பனி விளையாட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடுகள் நடந்தன. தட்டுப்பாடு தீர்ந்தது, விடுமுறை நிலைத்துவிட்டது. இன்றும் அது விளையாட்டு விடுமுறை என்ற பெயரோடு நீடிக்கிறது. சுவிட்சர்லாந்திலும் அப்படியே. போர்க்கால நிலக்கரிச் சிக்கனத்துக்காகப் பள்ளிகளை மூடிய நாட்கள் விளையாட்டு விடுமுறையாக மாறின. வெளிநாட்டு விருந்தினர் போரால் வரமுடியாதிருந்த அந்த ஆண்டுகளில் சுவிஸ் விடுதிகள் சொந்த மக்களை நோக்கித் திரும்பின. நாடு முழுவதிலிருந்தும் சிறுவர்களைத் திரட்டும் பனிச்சறுக்கு முகாம் 1941 இல் தொடங்கியது. ஆஸ்திரியாவில் இதே கதை 1974 இல் நிகழ்ந்தது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் ஏற்பட்ட எரிபொருள் நெருக்கடியில் பிப்ரவரியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விட்டார்கள். ‘எரிசக்தி விடுமுறை’ என்றே மக்கள் அதை அழைத்தார்கள். பள்ளியின் கணப்பை மிச்சப்படுத்த எடுத்த முடிவு மலையூர்களின் விடுதிகளை நிரப்பியது.

பிரான்சின் பாதை வேறு. அங்கே தொழிலாளர் போராட்டம் சம்பளத்தோடு கூடிய விடுப்பைப் பெற்றுத் தந்தது: 1936 இல் இரண்டு வாரம், 1956 இல் மூன்று, 1969 இல் நான்கு. கோடைக்குப் போக மிஞ்சிய வாரம் குளிர்காலத்துக்கு வந்தது. பாரிஸை ஒட்டிய வான்வ் ஊரின் பள்ளி ஒன்று 1953 இல் தன் மாணவர்களை ஆசிரியரோடு சவோய் மலையின் லா ஃபெக்லாஸுக்கு அனுப்பியது. ஒரு வேளை பாடம், ஒரு வேளை ஸ்கீ. இந்தப் ‘பனி வகுப்புகள்’ நாடெங்கும் பரவின. முதல் தடவையாக, பெற்றோர் பிள்ளைகளுக்கு வழிகாட்டாமல் பிள்ளைகள் பெற்றோரை மலைக்கு இழுத்துப் போனார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்குள் பனிச்சறுக்கு நுழைந்த கதவு இது என்று சொல்வது மிகையாகாது.

அவர்கள் வந்து தங்க ஊர்கள் வேண்டியிருந்தன. சவோய் மாவட்ட மன்றமே 1946 முதல் கூர்ஷெவலைக் கட்டியது. பழைய கிராமத்தை ஒட்டாமல், பனி நன்றாக விழும் உயரத்தில், வாசலில் பலகையை மாட்டி லிஃப்ட் வரை சறுக்கிப் போகும்படி அமைந்தது அது. 1964 முதல் அரசின் பனித் திட்டம் அதே பாணியில் பல ஊர்களை எழுப்பியது. அவோரியாஸில் கார்களே நுழைவதில்லை என்பதால் குழந்தைகள் தெருவில் தனியே நடக்கலாம். நடைவழியில் அடுக்குக் கட்டில் போட்ட குறுகிய அடுக்ககங்கள் அழகால் பேர் வாங்கவில்லை. ஆனால் ஒரு சமையல் மேடை இருந்ததால் விடுதிச் சாப்பாட்டுச் செலவு மிச்சமானது. பிரெஞ்சுப் பள்ளிகள் மூன்று வயது முதலே பிள்ளைகளைப் ‘பனித் தோட்டம்’ என்ற குழந்தை வகுப்பில் சேர்த்துக்கொண்டன. கரடிக்குட்டி, பனித்துகள், முதல் நட்சத்திரம் என்று படிப்படியாகப் பதக்கம் கொடுத்தார்கள். ஷ்னைடரின் தரப்பிரிவு இங்கே குழந்தை மார்பில் குத்திக்கொள்ளும் அளவுக்கு இனியதாயிற்று.

இவ்வளவு பரவியும் இது எல்லாருக்கும் எட்டிய விடுமுறை ஆகவில்லை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு லிஃப்ட், பாடம், வாடகை, உடை என்று சேர்ந்தால் தங்குமிடத்தைவிடக் கூடுதலாகிவிடுகிறது. பல பள்ளத்தாக்குகளை ஒரே சீட்டில் இணைக்கும் ஏற்பாடுகள், 1974 இல் இத்தாலியில் தொடங்கிய டோலமிட்டி சூப்பர்ஸ்கீ போல, தேர்ந்தவருக்குப் பெரும்பேறு. முதல் வாரம் கலப்பை வடிவம் பழகும் குடும்பத்துக்கோ அந்தப் பரப்பில் சிறு பகுதிகூடத் தேவைப்படாது. ஊரின் அடிவாரச் சிறு லிஃப்ட்டுக்கு மட்டும் சீட்டு வாங்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது; சில ஊர்களில் அது இலவசம்.

அந்த அடிவாரம்தான் இப்போது ஆபத்தில் இருக்கிறது. புதியவர் சரிவுகள் இயல்பாகவே ஊரை ஒட்டி, தாழ்வில், சாய்வு குறைந்த புல்வெளிகளில் அமைந்தவை. குளிர்காலம் வெப்பமாகும்போது முதலில் பனி இழப்பது அவைதான். நகரங்களுக்குப் பக்கத்தில், ஒற்றை லிஃப்ட்டோடு, ஊர்ப் பிள்ளைகள் மலிவாகப் பழகிய தாழ்ந்த மலைகள் பல மூடப்பட்டுவிட்டன. கனெக்டிகட் மாநிலத்தின் மொஹாக் மலையில் 1950 இல் முதன்முதலாகத் தூவிய செயற்கைப் பனி இன்று ஆல்ப்ஸ் முழுதும் புதியவர் சரிவைக் காக்கிறது. அதற்கும் உறைநிலைக்குக் கீழான இரவு வேண்டும், ஏராளமான நீரும் மின்சாரமும் வேண்டும்.

கூரைக்குள் பனி என்ற யோசனையும் பழையதே. வியன்னாவில் பயன்பாடற்றுக் கிடந்த வடமேற்கு ரயில் நிலையத்தின் மண்டபத்தில் 1927 நவம்பரில் சோடாத் தூளைப் பனியாகப் பரப்பி ஒரு ‘பனி அரண்மனை’ திறந்தார்கள். தூள் அழுக்கேறி, சறுக்கலும் குறைந்து, சில மாதங்களில் அது மூடப்பட்டது. குளிரூட்டிய கூடத்தில் உண்மைப் பனியே தூவும் தொழில்நுட்பம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. மலையே இல்லாத நெதர்லாந்தில் லாண்ட்கிராஃப், ஸூட்டர்மேர் போன்ற ஊர்களின் கூடங்களில் இலையுதிர் காலத்திலேயே பிள்ளைகள் கலப்பை வடிவம் பழகுகிறார்கள். பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் வண்டி நிற்கும்போது அவர்கள் முதல் வகுப்பைக் கடந்து இரண்டாம் வகுப்பில் சேர்கிறார்கள்.